மோவாய் மார்பில் முட்டும் கழுத்து: நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகெலும்பு வார்டில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். கத்தி பிடிப்பது என் வேலை இல்லை. ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களும் பிந்தைய மாதங்களும் என் பொறுப்பு. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போனதும், அவரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் குடும்பத்தார் என்னிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். சாதாரணக் கழுத்து வலிக்கோ தேய்மானத்துக்கோ இந்தப் பக்கம் உதவாது. நேரே பார்க்க முடியாத அளவுக்குக் கழுத்தும் மேல் முதுகும் வளைந்து, அப்படியே இறுகிப்போனவர்களுக்காக எழுதியது.

கழுத்து ஏன் இப்படி மடங்கிப்போகிறது?

பெரியவர்களில் நான் அதிகம் பார்ப்பது அன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற வாத நோயால் வருவது. பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கிவிடும். விடியற்காலையில் முதுகு மரக்கட்டைபோல இருக்கும்; நடமாடினால் இளகும், ஓய்வெடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். முதுகெலும்புகளை இணைக்கும் தசைநார்களும், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டுகளின் ஓரங்களும் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல எலும்பாகிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் கணுக்கணுவாக மூங்கில் கழிபோலத் தெரியும்.

வலி இருப்பவர் உயரமான தலையணையில் குனிந்தவாக்கில் படுத்தால் இதமாக இருக்கிறது. எலும்பும் அதே வாக்கில் இறுகிவிடுகிறது. இதமான நிலையே நிரந்தர நிலையாகிவிடுவதுதான் இந்த நோயின் சூது. அதனால்தான் நோய் தெரிந்த அன்றே தலையணையைத் தாழ்த்தச் சொல்கிறோம்.

வேறு காரணங்களும் உண்டு: கழுத்து எலும்பில் காசநோய், பிறவியிலேயே எலும்பு சரியாக உருவாகாதது, நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற மரபணு நோய், முன்பு செய்த அறுவைச் சிகிச்சையில் கழுத்தின் பின்பக்க எலும்புகளை எடுத்துவிட்டு முட்டுக் கொடுக்காமல் விட்டது, புற்றுநோய்க்காகக் கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியது.

அப்பாவுக்குத் தலை தொங்கிப்போகிறது. கையால் தூக்கினால் நிமிர்கிறது. இதுவும் அதே நோயா?

இல்லை. மல்லாந்து படுக்கச் சொல்லிப் பாருங்கள். தலை தானாக மெத்தையில் படிந்தால் எலும்பு இறுகவில்லை. பிடித்து நிறுத்தும் தசை தளர்ந்திருக்கிறது. மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய், பார்க்கின்சன், சில தசை நோய்கள் என்று பட்டியல் நீளம். அவற்றில் சில மாத்திரையிலேயே அடங்கும். முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இறுகிய கழுத்துள்ளவர் மல்லாந்து படுத்தால் தலைக்கும் மெத்தைக்கும் நடுவே மூன்று நான்கு தலையணை வைக்குமளவு இடைவெளி இருக்கும்.

ஆபரேஷன் கட்டாயம் செய்ய வேண்டுமா?

தண்டுவடம் நசுங்கும் அறிகுறி இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. சட்டைப் பொத்தான் போட வராது, கையெழுத்து கோணும், நடக்கும்போது கால்கள் பின்னும், சிறுநீர் அடங்காது அல்லது வராது. இவற்றில் ஒன்று புதிதாகத் தொடங்கினாலும் அந்த வாரமே காட்டுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதே கேள்வி. என்னிடம் வந்த ஒருவர் எதிரே வருபவர்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டிருந்தார். பஸ் எண்ணைப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவார். தண்ணீரை அண்ணாந்து குடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன, காபிக்குக்கூட ஸ்ட்ரா. மோவாய்க்கும் மார்புக்கும் நடுவே வியர்வை தங்கிப் புண்ணாகி, பழைய வேட்டித் துணியைக் கிழித்து மடித்து அந்த இடுக்கில் செருகி வைத்திருந்தார். அவருடைய மனைவி அதை ஒரு நாளில் நான்கு முறை மாற்றுவார். சவரம் செய்ய முடியாது. வாய் போதுமான அளவு திறக்காததால் சாப்பாடு ஒரு மணி நேரம் ஆகும். இவருக்கு ஆபரேஷன் வேண்டுமா என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

இன்னொருவர் தையற்காரர். வளைவு ஓரளவு இருந்தது. இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் அந்தக் குனிவு தொழிலுக்குத் தோதாகவே இருந்தது. ஆபரேஷனில் உள்ள ஆபத்துகளைக் கேட்டுவிட்டு, "எனக்கு ஊசிமுனை தெரிந்தால் போதும்" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் முடிவெடுத்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றியது. பார்வையை மேலே திருப்பிக் காட்டும் பிரிசம் கண்ணாடி, உயரமாக வைத்த மேசை, படுக்கை மாற்றம் ஆகியவற்றால் சமாளிக்கக்கூடியவர்கள் சமாளிக்கலாம்.

பிசியோதெரபியால் நிமிர்த்த முடியாதா?

எலும்பாகிவிட்டதை என்னால் நிமிர்த்த முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களிடம் போகாதீர்கள். இறுகுவதற்கு முந்தைய வருடங்களில் உடற்பயிற்சியும் மருந்தும்தான் எல்லாமும். அந்தக் கட்டத்தில் யாரும் என்னிடம் வருவதில்லை என்பது என் தனிக்குறை.

எத்தனை டிகிரி நிமிர்த்துவார்கள்? முழுதாக நேராக்கினால் என்ன?

எல்லாரும் கேட்கும் கேள்வி. ஆனால் பதிலைக் காது கொடுத்துக் கேட்பவர் குறைவு.

நோயாளியை இடுப்பையும் முழங்காலையும் மடக்காமல் நிற்க வைத்துப் பக்கவாட்டில் புகைப்படம் எடுப்பார்கள். புருவத்தையும் மோவாயையும் சேர்த்து ஒரு கோடு. தரைக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலான கோணம்தான் கணக்கு. நேரே பார்ப்பவருக்கு அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். மோவாய் மார்பில் முட்டுபவருக்கு 50, 60 டிகிரியைத் தாண்டும்.

அந்தக் கோணத்தைப் பூஜ்யமாக்குவதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் இந்தக் கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகும் அசையாது. எந்தக் கோணத்தில் நிறுத்துகிறார்களோ அதுதான் ஆயுள் முழுக்க. நீங்களும் நானும் படியிறங்கும்போது தலையைக் குனிந்து பார்க்கிறோம்; அவரால் கண்ணை மட்டும்தான் தாழ்த்த முடியும். கூடுதலாக நிமிர்த்திவிட்டால் வானமும் மின்கம்பியும் தெரியும், காலடியில் உள்ள பள்ளம் தெரியாது. கூனை விட அந்த நிலை மோசம். குனிந்தவர் தடுக்கி விழுவது குறைவு, நிமிர்ந்து இறுகியவர் விழுவார். ஆகவே சுமார் 10 டிகிரி அளவுக்கு முன்சாய்வை வேண்டுமென்றே மிச்சம் வைப்பது வழக்கம்.

இங்கே நோயாளியின் வாழ்க்கை கணக்கில் வர வேண்டும். தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுகிறவரா, மேசையில் சாப்பிடுகிறவரா? வயலில் வரப்பில் நடப்பவரா, கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளர் முகம் பார்க்க வேண்டியவரா? மாடிப்படி ஏறி இறங்கும் வீடா? இதையெல்லாம் டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் இதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகும் குடும்பத்தார் உண்டு. எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் பெரியவர் ஒருவர் கோபுரத்தின் உச்சியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "நூறு அடி பின்னால் தள்ளி நின்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர். இப்போது அப்படித்தான் பார்க்கிறார்.

வளைவு கழுத்தில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

தலை குனிந்திருப்பதால் கழுத்தில்தான் கோளாறு என்று இல்லை. அன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸில் இடுப்பு மூட்டுகளும் மடங்கிய நிலையில் இறுகுவது உண்டு. கீழ் முதுகின் வளைவு தட்டையாகி, ஆள் மொத்தமாக முன்னால் சாய்வதும் உண்டு. அவரை நாற்காலியில் உட்கார வைத்ததும் பார்வை நேராகிவிட்டால் கோளாறு இடுப்பில். அப்போது இடுப்பு மூட்டு மாற்று முதலில் வரும். கீழ் முதுகு வளைவு பெரிதென்றால் அங்கே திருத்துவார்கள். அதற்குப் பிறகும் பார்வை எட்டாவிட்டால்தான் கழுத்து. முழு முதுகெலும்பும் ஒரே படத்தில் வரும்படி நின்றவாக்கில் எக்ஸ்ரே எடுக்காமல் கழுத்தை மட்டும் படமெடுத்துத் தேதி கொடுத்தால், இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள்.

ஆபரேஷனில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

இறுகிய எலும்பை ஓரிடத்தில் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து, அந்த இடைவெளி மூடும்படி தலையைப் பின்னால் சாய்த்து, ஸ்க்ரூவும் ராடும் போட்டு நிறுத்துகிறார்கள். மரவேலை தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும்: சட்டத்தை வளைக்க ஆசாரி ஒரு பக்கம் 'வி' போல வெட்டி மடக்குவாரே, அதேதான். வித்தியாசம், இந்தச் சட்டத்துக்குள் தண்டுவடம் ஓடுகிறது.

வெட்டும் இடம் பெரும்பாலும் கழுத்தின் ஏழாவது எலும்பு, அதாவது கடைசி எலும்பு. காரணங்கள் மூன்று. அங்கே தண்டுவடம் ஓடும் குழாய் ஓரளவு அகலம். மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனிகள் பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது எலும்பில்தான் துளைக்குள் நுழைகின்றன. ஏழாவதில் அவை வெளியே முன்னால் இருக்கும். சிலருக்கு இந்த அமைப்பு மாறும் என்பதால் ரத்தக்குழாய்களை ஸ்கேனில் முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள். மூன்றாவதாக, அங்கிருந்து கிளம்பும் எட்டாவது நரம்பு தப்பித்தவறி நசுங்கினால் விரல்களின் பிடி குறையும். அது கஷ்டம்தான், ஆனால் தோளும் முழங்கையும் மூச்சும் தப்பும்.

நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, தலையை இரும்புக் கவ்வியில் பிணைத்து, முதலில் வெட்டுக்கு மேலும் கீழும் ஸ்க்ரூக்களைப் போடுகிறார்கள். கழுத்தின் மேற்பகுதியிலிருந்து மேல் முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்பு வரைகூடப் போகும். பிறகு ஆப்பை எடுக்கிறார்கள். அதன் பிறகு வரும் சில நிமிடங்களுக்காகத்தான் இத்தனை மணி நேர ஆயத்தமும். ஒருவர் கவ்வியின் பிடியைத் தளர்த்துவார். தலைமை மருத்துவர் தலையை இரு கைகளாலும் ஏந்தி மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்குவார். இன்னொருவர் தண்டுவடத்தின் மேல் கண்ணை எடுக்காமல் பார்த்திருப்பார். நரம்புகள் வேலை செய்கின்றனவா என்று கண்காணிக்கும் நரம்புக் கருவியில் இருப்பவர் ஒவ்வொரு நொடியும் அளவு சொல்லிக்கொண்டிருப்பார். நான் ஒரு முறை அனுமதி வாங்கி உள்ளே நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் அறையில் யாரும் இருமக்கூட இல்லை.

இது எத்தனை வருடங்களாகச் செய்யப்படுகிறது?

கழுத்தை இப்படி வெட்டி நிமிர்த்தியதாக முதலில் மருத்துவ ஏட்டில் வந்தது 1953இல், அமெரிக்காவில் மேசனும் அவருடைய குழுவினரும் எழுதியது. 1958இல் யூரிஸ்ட் என்பவர் மரத்துப்போக ஊசி போட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே செய்தார். கனடாவில் சிம்மன்ஸ் அந்த முறையைச் செம்மைப்படுத்தி 1972இல் வெளியிட்டார்: நோயாளி உட்கார்ந்திருப்பார், பேசுவார், கையை அசை என்றால் அசைப்பார். அந்தக் காலத்துக்கு நோயாளியின் குரல்தான் நரம்புக் கருவி. எலும்பை வெட்டிய பிறகு, கழுத்தின் முன்பக்கம் படாரென்று உடைந்து திறக்கும்படி தலையை நிமிர்த்துவார்களாம். படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது ஆப்பை முழுதாக எடுத்து மூடும் முறை பரவலாகிவிட்டதால் அந்தப் 'படார்' இல்லை.

இப்போது முழு மயக்கம்தானே? கழுத்து மடங்கியவருக்கு மூச்சுக்குழாய் எப்படிப் போடுவார்கள்?

விழித்திருக்கும்போதே போடுவார்கள். மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, நுனியில் கேமரா உள்ள மெல்லிய வளையும் குழாய் வழியே மூச்சுக்குழாயைச் செலுத்திய பிறகே மயக்க மருந்து. சாதாரணமாக ஏதாவது தவறினால் கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு மூச்சைக் காப்பாற்றுவார்கள். இவருக்கு மோவாய் மறைத்துக்கொண்டிருப்பதால் அந்த வழி இல்லை. ஆகவே இந்த ஆபரேஷனில் மயக்க மருந்து நிபுணரின் அனுபவத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கை கால் விளங்காமல் போய்விடுமா?

அந்த ஆபத்து உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்டுவடம் நிரந்தரமாகச் செயலிழப்பது அரிது. அரிது என்பதன் எடை யாருக்கு நேர்கிறதோ அவருக்குத்தான் தெரியும்.

அதிகம் நடப்பவை வேறு. விரல்பிடி பலவீனம், தோளைத் தூக்க முடியாமை, விழுங்குவதில் சிரமம், நுரையீரல் சளி, புண்ணில் சீழ், ஸ்க்ரூ தளர்தல், எலும்பு கூடாமல் போதல், ராடு முடியும் இடத்துக்குக் கீழே புதிதாக மடங்குதல். பெரியவர்களின் கழுத்து வளைவுத் திருத்தங்களை வட அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து பின்தொடர்ந்த ஆய்வில், முதல் 30 நாட்களுக்குள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குச் சிறிதோ பெரிதோ ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. அவற்றில் பலவும் மருத்துவமனையிலேயே சரியாகிவிடக்கூடியவை. தோள் பலவீனமும் பெரும்பாலும் மாதங்களில் திரும்பும். ஆனாலும் "பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்" என்ற நம்பிக்கையோடு வந்து, 25ஆம் நாளும் வார்டில் இருந்து மனமுடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடுதல் நாட்களுக்கும் கூடுதல் பணத்துக்கும் தயாராக வாருங்கள்.

ஆபரேஷன் நடக்கும்போது தலையில் மெல்லிய மின்துடிப்பு கொடுத்துக் கை கால் தசைகள் பதில் சொல்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அளவு சரிந்தால் நிமிர்த்துவதை நிறுத்தி, தேவையானால் பழைய நிலைக்கே திருப்புவார்கள். "நரம்புக் கண்காணிப்பு கருவி உண்டா, அதற்கென ஆள் இருப்பாரா?" கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். "இந்த ஆபரேஷனை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்பது இரண்டாவது. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் மகளுக்கு எட்டு வயது. தலையில் வளையம் போட்டுத் தொங்கவிட வேண்டும் என்கிறார்கள். இது என்ன கொடுமை?

பெயர் ஹேலோ வளையம். போலியோவால் கழுத்துத் தசை செயலிழந்தவர்களுக்காக அமெரிக்காவில் பெர்ரி, நிக்கல் என்ற இரு மருத்துவர்கள் 1959இல் அறிமுகப்படுத்தியது. குழந்தைகளின் கழுத்தும் மேல் முதுகும் பெரியவர்களைப்போல முழுக்க இறுகியிருக்காது. ஒரே நாளில் ஆபரேஷன் மேசையில் நிமிர்த்தினால் தண்டுவடம் திடீரென இழுபடும். வாரக்கணக்கில் மெல்ல இழுத்தால் அதற்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். பாதி வேலையை வளையம் முடித்துவிட்டால் கத்திக்கு மிச்சம் பாதிதான்.

மயக்கம் கொடுத்து ஆறு முதல் எட்டு ஊசிமுனைத் திருகாணிகளை மண்டையோட்டின் வெளிப்பரப்பில் அளவான முறுக்கத்தோடு பதிப்பார்கள். மூளைக்குள் போகாது. ஒன்றிரண்டு கிலோவில் தொடங்கி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டி, குழந்தையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதிவரைகூட ஏற்றுவார்கள். கேட்கப் பயங்கரமாக இருக்கும்.

முதல் இரண்டு நாட்கள் பெற்றோருக்குத்தான் தாங்காது. மூன்றாம் நாள் குழந்தை சக்கர நாற்காலியில் வார்டைச் சுற்றத் தொடங்கிவிடும். நாற்காலியின் பின்னாலிருந்து ஒரு கம்பம் தலைக்கு மேல் வளைந்து நிற்கும். அதில் கப்பி. கப்பியில் ஓடும் கயிற்றின் ஒரு முனை வளையத்தில், மறுமுனை எடைக்கற்களில். குழந்தை திரும்பும்போதெல்லாம் எடைகள் இடித்துக்கொண்டு கிணுகிணுக்கும். யார் வருகிறார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். கிணற்றில் நீர் இறைத்த பாட்டிமார்களுக்கு இந்த அமைப்பை நான் விளக்கியதே இல்லை. அப்பாக்களுக்குத்தான் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு வேளையும் நரம்பைச் சோதிப்போம். "என் விரலைக் கண்ணால் பிடி", "நாக்கை நீட்டு", "கையை இறுக்கு". கண் வெளிப்பக்கம் போக மறுத்தாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, கை மரத்தாலோ உடனே எடையைக் குறைப்போம். துணைக்கு இருக்கும் நீங்களும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். இரவில் உங்கள் கண்தான் முதலில் பார்க்கும். திருகாணி பதிந்த இடங்களைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். சிவப்பு, சீழ், திருகாணி ஆடுதல் இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். எண்ணெய் தேய்க்காதீர்கள். விபூதி நெற்றியில் வைக்கலாம், ஊசிப் புண்ணில் வேண்டாம்.

குழந்தையின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதற்கும் எலும்பை வெட்ட வேண்டுமா?

பிறந்த சில வாரங்களில் கவனித்தீர்கள் என்றால், பெரும்பாலும் கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகியதுதான். முதல் வருடத்திலேயே பயிற்சி தொடங்கினால் பெரும்பான்மைக் குழந்தைகளுக்கு ஆபரேஷனே தேவைப்படாது. தேவைப்பட்டாலும் தசையை விடுவிப்பதோடு முடியும்.

நன்றாக இருந்த குழந்தைக்குத் தொண்டைப் புண்ணோ டான்சில் ஆபரேஷனோ ஆன சில நாட்களில் கழுத்து திரும்பி மாட்டிக்கொண்டால் அது வேறு. மேல் இரண்டு எலும்புகள் விலகி நிற்கலாம். சுளுக்கு என்று எண்ணி வழித்துவிடுகிறவரிடம் கொண்டுபோவதுதான் நம் ஊரில் முதலில் நடக்கிறது, தயவுசெய்து வேண்டாம். சில நாட்களுக்குள் வந்தால் காலரும் இழுவையும் போதும். மாதக்கணக்கில் விட்டால் அந்த இரண்டு எலும்புகளையும் ஸ்க்ரூ போட்டு இணைக்க வேண்டியதாகிவிடும்.

காசநோயால் வந்த வளைவு, மருந்து முடிந்ததும் நின்றுவிடுமா?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நின்றுவிடும். குழந்தைகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. கோயம்புத்தூர் முதுகெலும்பு நிபுணர் எஸ். ராஜசேகரன், முதுகெலும்புக் காசநோய் வந்த 61 குழந்தைகளை 15 வருடங்கள் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: கிருமி ஒழிந்த பிறகும், வளரும் வயது முழுக்கச் சிலருக்குக் கூன் கூடிக்கொண்டே போகிறது, சிலருக்குத் தானே குறைகிறது. யாருக்குக் கூடும் என்பதை ஆரம்ப எக்ஸ்ரேயிலேயே ஊகிக்க நான்கு அடையாளங்களை அவர் வகுத்தார். ஆகவே மாத்திரை முடிந்தது என்று கோப்பைக் கட்டிவைக்காமல், வளர்ச்சி நிற்கும்வரை வருடம் ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். எலும்புக்கு வழக்கமாக ஓராண்டு அளவு சாப்பிட வேண்டும். வலி போய்விட்டது என்று நடுவில் நிறுத்துவதுதான் பெரும்பாடு.

ஆபரேஷன் முடிந்தபின் எப்படி இருக்கும்?

முதல் இரவு ஐ.சி.யூ. தொண்டை வீக்கத்துக்காக மூச்சுக்குழாயை மறுநாள்வரை விட்டுவைப்பது சாதாரணம், பார்த்துப் பயப்படாதீர்கள். விழுங்கும் சோதனை முடியும் முன் யாரும் பாசத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் தண்ணீரைவிடக் கூழ்போலக் கெட்டியானதுதான் பத்திரம்.

ஓரிரு நாளில் எழுப்பி நிறுத்துவோம். அப்போது எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: "பின்னால் விழுகிறேன்." விழுவதில்லை. பல வருடங்களாக முன்னால் இருந்த தலையின் பாரம் திடீரென உடலுக்கு நேர்மேலே வந்துவிட்டது; மூளைக்கு இன்னும் செய்தி போகவில்லை. என் வேலையில் எனக்குப் பிடித்த நேரம் இது. ஒரு அம்மாள் நின்ற இடத்தில் என் முகத்தைப் பார்த்து, "நீ இவ்வளவு சின்னப் பிள்ளையா?" என்றார். அதுவரை மூன்று வாரங்களாக என் குரலையும் காலணியையும் மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

காலர் வழக்கமாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம். எலும்பு கூடி முடிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம். அதுவரை பாரம் தூக்குவது, டூவீலரில் பின்னால் உட்காருவது, குழந்தையை இடுப்பில் வைப்பது எதுவும் கூடாது. பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்தியாக வேண்டும்.

கழுத்தைத் திருப்ப முடியுமா?

முடியாது. முன்பும் திரும்பியிருக்காது. பக்கத்தில் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டும். வண்டி ஓட்டுவது பற்றி ஒரு வருடம் கழித்து டாக்டரிடம் பேசுங்கள்.

உள்ளே இருக்கும் உலோகத்தால் தொல்லை வருமா?

பெரும்பாலும் டைட்டானியம். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். விமான நிலையத்தில் கருவி ஒலித்தால் டிஸ்சார்ஜ் தாளைக் காட்டுங்கள். மழைக்காலத்தில் வலிக்குமா என்று கேட்பார்கள். சிலர் வலிக்கிறது என்கிறார்கள், நான் வாதாடுவதில்லை.

நிமிர்ந்தாகிவிட்டது. வாத மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. கத்தி வளைவை எடுத்தது, நோய் அங்கேயேதான் இருக்கிறது. அடாலிமுமாப் போன்ற ஊசி போடுகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன் எப்போது நிறுத்துவது, பின் எப்போது தொடங்குவது என்பதை வாதநோய் மருத்துவர் சொல்வார். எலும்பு அடர்த்தியையும் பார்த்துவிடுங்கள். மூங்கிலாய் இறுகிய எலும்பு உள்ளே பொரிபோல இருக்கும்.

செலவுக்கு என்ன வழி?

மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் திட்டத்தில் வருகிறது என்று காப்பீட்டுக் கவுன்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்மொழி பதில் டிஸ்சார்ஜ் அன்று மாறும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆபரேஷனுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

கூன் உள்ள பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலி குறைவு. திடீரென்று முன்னைவிடக் குனிந்துவிட்டார்.

எலும்பு முறிந்திருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். இறுகிய முதுகெலும்பு சிறு விழுகையிலும் குறுக்கே முறியும். ஏழாவது எலும்பைத் தோள் மறைத்துவிடுவதால் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், சி.டி. ஸ்கேன் கேளுங்கள். விழுந்த பிறகு கழுத்து "தானாக நிமிர்ந்துவிட்டது" என்று மகிழ்ச்சியோடு வந்தவரும் உண்டு, அதுவும் முறிவுதான்.

தூக்கும்போது அவரை மட்டமாகப் படுக்க வைத்துத் தலையை நேராக்காதீர்கள். ஆம்புலன்ஸில் காலர் போட வந்தாலும், "இவர் கழுத்து முன்பே வளைந்தது" என்று உரக்கச் சொல்லுங்கள். வழக்கமாக எந்தக் கோணத்தில் இருப்பாரோ அதே கோணத்தில் தலைக்கடியில் தலையணையோ மடித்த போர்வையோ அடுக்கிக் கொண்டுவாருங்கள்.

முடிவெட்டும் கடையில் கழுத்தில் சொடுக்கு எடுக்கலாமா?

கழுத்து இறுகும் இந்த நோய் உள்ளவருக்கு அறவே கூடாது. நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். பழக்கதோஷத்தில் கை தானாகப் போய்விடும்.